இரண்டு மிதிக்கு நடுவே

எங்கள் வீடு நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் ரோட்டை ஒட்டி இருந்தது. வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம். கொங்கு நாட்டில் ஓடையைத்தான் பள்ளம் என்போம். ரோடு அதில் இறங்கி, குறுகலான பழைய பாலத்தைத் தாண்டி, மறுபக்கம் மேடேறி எங்கள் வாசலுக்கு வரும். லோடு ஏற்றிய லாரி எதுவானாலும் அந்த மேட்டில் ஒரு கியராவது குறைத்தாக வேண்டும். பாரம் அதிகமென்றால் இரண்டு. ராத்திரியில் அந்தச் சத்தம் வீட்டுக்குள் படுத்திருப்பவர்களுக்குத் துல்லியமாகக் கேட்கும். எத்தனையோ வண்டிகள் போகும். அம்மா புரண்டுகூடப் படுக்க மாட்டாள். ஏதோ ஒரு வண்டிக்கு மட்டும் சட்டென்று எழுந்து, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போவாள். "உங்கப்பா வந்துட்டாரு, எந்திரிங்க" என்பாள். வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள் அடுப்பில் சுள்ளி பற்றியிருக்கும்.

தவறியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டோ மூன்றோ தடவை தவறியிருக்கிறாள். பதினைந்து நாள், இருபது நாள் வடக்கே லைன் போய்விட்டு வரும் மனிதர். இன்ன தேதிக்கு வருவேன் என்று சொல்லி அனுப்ப அப்போது வழியில்லை. அந்த மேட்டில் அவர் கியர் மாற்றும் சத்தம்தான் எங்களுக்குத் தகவல். எப்படிம்மா தெரியும் என்று கேட்டால், "எரைச்சல் உளுந்ததும் ஒரு செருமல் செருமுவாரு பாரு, அது உங்கப்பா" என்பாள். வண்டி செருமுவதை அவள் அவர் செருமுவதாகவே சொல்வாள். எனக்கும் தம்பிக்கும் அதில் எந்த வித்தியாசமும் தோன்றியதில்லை.

அந்தச் செருமலுக்கு டிரைவர்கள் வைத்திருந்த பெயர் டபுள் கிளட்ச். ஒரு கியரிலிருந்து இன்னொரு கியருக்குப் போகக் கிளட்ச்சை இரண்டு முறை மிதிப்பது. இன்று வண்டி பழகுகிற பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் விழிக்கிறார்கள். கியர் வண்டி போய்விடவில்லை. நம் நாட்டில் விற்கிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் கிளட்ச் உண்டு. ஆனால் எஞ்சினைக் கேட்டுக் கியர் போடுகிற வித்தை, ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து காது வழியாக வாங்கிக்கொண்ட வித்தை, எங்கள் சீமையில் ஓசையில்லாமல் அடங்கிவிட்டது. அதற்குத்தான் இந்த இரங்கல்.

கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அப்பா எனக்கு டவுன் பஸ்ஸை வைத்து விளக்கினார். நகர்ந்துவிட்ட பஸ்ஸில் ஏறுகிறவன் நின்ற இடத்திலிருந்து தாவினால் பஸ் அவனைத் தூக்கி வீசிவிடும். கூடவே நாலு எட்டு ஓடி, பஸ்ஸின் வேகத்துக்கு வந்த பிறகு படியில் கால் வைத்தால் அலுங்காமல் ஏறிக்கொள்வான். பெட்டிக்குள் ஒரு பக்கம் எஞ்சினோடு சுற்றுகிற பற்சக்கரங்கள். இன்னொரு பக்கம் பின் டயரோடு சுற்றுகிற தண்டு. இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் பல்லோடு பல் உட்காரும். வராவிட்டால் கரகரவென்று கியர் கத்தும். கத்தக் கத்தப் பல் தேயும்.

மேட்டில் சின்ன கியருக்கு வருவதென்றால் எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைக் கூட்ட வேண்டும். கிளட்ச்சை மிதித்தபடியே ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் அது பெட்டிக்குள் போய்ச் சேராது. இணைப்பைத்தான் கிளட்ச் துண்டித்து வைத்திருக்கிறதே. ஆகவே முதல் மிதியில் கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும். காலை விட்டு, ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் உள்ளே சக்கரங்கள் வேகம் பிடிக்கும். உடனே இரண்டாவது மிதி, சின்ன கியர். அம்மா செருமல் என்றது அந்தத் தட்டைத்தான். மேல் கியருக்குப் போகும்போது தட்டு கிடையாது. நியூட்ரலில் எஞ்சின் தணியும்வரை ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். எவ்வளவு தட்டுவது, எவ்வளவு பொறுப்பது என்று அந்தக் கால வண்டியில் எந்த முள்ளும் காட்டாது. லோடுக்கு ஒரு கணக்கு, காலி வண்டிக்கு ஒரு கணக்கு, விடிகாலைக் குளிரில் பெட்டி எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது வேறு கணக்கு. சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அப்பா 1968-ல், பதினான்கு வயதில், கிளீனராக ஏறினார். எங்களுடையது மானாவாரிப் பூமி. சோளமும் கடலையும் மழையை நம்பி. மழை பொய்த்தால் கிணற்றை இன்னும் ஆழம் வெட்டுவார்கள், அதற்குக் கடன் வாங்குவார்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துக் குடும்பங்கள் இத்தனை பேர் லாரிக்குப் போனதில் அந்த வானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காட்டை அடமானம் வைத்து, நகையை வைத்து, ஆளுக்குக் கால் பங்கு என்று நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவார்கள். இன்று டிஎன் 28, டிஎன் 34 என்ற நம்பர் பலகையைப் பஞ்சாபிலும் அஸ்ஸாமிலும் பார்க்கலாம். தென்மாநிலங்களில் ஓடும் கேஸ் டேங்கர்களில் மிகப் பல நாமக்கல்லைச் சேர்ந்தவை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போய்ப் போர் போட்டிருக்கின்றன. இந்தத் தொழில் முழுவதற்கும் பள்ளிக்கூடமாக இருந்தது டிரைவருக்கு இடப்பக்கம் இருந்த கிளீனர் சீட் ஒன்றுதான்.

கிளீனரின் வேலை கழுவுவதில் ஆரம்பிக்கும். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்பது, மேட்டில் வண்டி நின்றால் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, பின்னால் வரும்போது பாடியைத் தட்டி வழி சொல்வது. வண்டி ஓட்ட யாரும் சொல்லித் தர மாட்டார்கள். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு வருஷம் கேட்டால் டிரைவர் எப்போது கியர் மாற்றப் போகிறார் என்பது அவருக்கு முன்னால் கிளீனருக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள், விடிகிற நேரத்தில், காலி வண்டியில், நேரான ரோட்டில், "வாடா, வந்து புடி" என்பார். அப்பாவுக்கு அந்த நாள் மூன்றாம் வருஷத்தில் வந்தது. அதுவரை கியர் கம்பியைத் தொட்டதற்காக விழுந்த குட்டுகளை அவர் மறக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியின் அடியில் படுத்துத் தூங்கிய காலம் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட மாட்டேன். அந்தக் கொடுமைக்குள் இருந்தும் ஒரு கல்வி நடந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

லைசென்ஸ் எடுத்த பிறகு அவர் சேசிஸ் எடுத்துவரப் போனார். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலையிலிருந்து வண்டி மொட்டையாகத்தான் வரும். எஞ்சின், கியர் பெட்டி, சக்கரம், ஸ்டியரிங். கேபின் கிடையாது, கூரை கிடையாது. பலகையை வைத்து உட்கார்ந்து, முகத்துக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து நாமக்கல் பட்டறையில் விட்டால் அங்கே மரத்திலும் தகரத்திலும் உடம்பு கட்டுவார்கள். வெயிலும் புழுதியும் அடிக்கிற அந்தப் பயணத்தைத்தான் அப்பா தன் வாழ்க்கையிலேயே சுகமான ஓட்டம் என்பார். காரணம் கேட்டேன். "நடுவுல ஒண்ணுமில்ல பாரு. பெட்டி பேசறது நேரா காதுக்கு வரும்" என்றார்.

நான் பெண். கிளீனர் சீட்டில் எனக்கு இடம் கிடையாது. அந்த வித்தை எனக்கு வந்து சேர்ந்தது ஓர் அம்பாசிடர் வழியாக.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். அதற்கு முந்தின கோடையில், சேலத்துக்காரர் ஒருவரிடமிருந்து அப்பா ஒரு பழைய மார்க் 4 வாங்கி வந்தார். லாரியை விட்டுவிட்டுக் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று உள்ளூர் வாடகைக்கு ஓட்டலாம் என்று எண்ணம். 1489 சிசி எஞ்சின், நாலு கியர். கியர் கம்பி தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது கைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் முன்சீட்டில் ஒரே பலகையாக மூன்று பேர் தாராளமாக உட்கார முடிந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஐம்பதுகளின் இறுதியில் செய்ய ஆரம்பித்த கார் அது. இரண்டு, மூன்று, நாலு கியர்களுக்கு உள்ளே, வேகத்தைத் தானே ஒன்றாக்கும் பித்தளை வளையம் உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. ஓடுகிற வண்டியில் முதல் கியர் போட வேண்டுமானால் லாரி டிரைவர் செய்வதைத்தான் செய்ய வேண்டும்.

எனக்குப் பத்தொன்பது வயது. தூசூர் ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முதல் இரண்டு நாள் அப்பா எஞ்சினையே ஸ்டார்ட் செய்யவில்லை. கிளட்ச், கியர், கிளட்ச், கியர். மூன்றாம் நாள் எனக்கு ஸ்டியரிங் கிடைக்கும் என்று போனால், இடப்பக்கம் உட்காரச் சொன்னார். "கண்ணை மூடிக்க அம்மிணி. இப்ப எத்தனாவது கியர்ல போறோம், சொல்லு."

ஏரிக்குள் வட்டம் வட்டமாகச் சுற்றினார். முதலில் எல்லாம் ஒரே உறுமலாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் ஒன்று பிடிபட்டது: முதல் கியரில் எஞ்சின் இரைச்சலுக்கு மேலே மெல்லிய ஓர் ஊளை இருக்கும். இரண்டாவதில் அது தணியும். நாலாவதில் அறவே இருக்காது, எஞ்சின் மட்டும் பேசும். பிறகு அடுத்த பாடம். "எப்ப மாத்தோணும்னு தோணுதோ அப்பச் சொல்லு." நான் சொன்ன பிறகுதான் அவர் மாற்றுவார். தாமதமாகச் சொன்னால் எஞ்சின் கதறும். அவசரப்பட்டால் திணறி நடுங்கும். அந்த நடுக்கம் சீட் வழியாக முதுகுக்கு வரும். ஒரு வாரம் இப்படிக் குருட்டுப் பாடம் கேட்ட பிறகுதான் வலப்பக்கம் உட்கார வைத்தார். உட்கார்ந்தபோது எனக்கு ஏற்கெனவே பாதி வண்டி ஓட்டத் தெரிந்திருந்தது.

கையும் காலும் ஒத்துவர இன்னும் ஒரு மாதம் பிடித்தது. வண்டி குலுங்கி ஆஃப் ஆகும். மறுபடி சாவி. ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்தி வைத்துப் பழகு என்பார். அது பிடிபடும் இடம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொன்று. எங்கள் வண்டியில் பெடல் பாதிக்கு மேல் வந்ததும் பானெட் ஒரு மயிரிழை தூக்கிக் கொடுக்கும். தூக்கும் அந்தக் கணத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டால் ஏரிக் கரை மேட்டில்கூட வண்டி பின்னால் சரியாது. முதன்முதலாகச் சரியாமல் ஏறிய அன்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கரைமேல் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பீடி பற்ற வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எச் போட்டு லைசென்ஸ் வாங்கியது பெரிய கதையில்லை. அப்பா அதை மதிக்கவுமில்லை. "கொல்லிமலை ஏத்தி எறக்கிட்டு வா, அப்பறம் டிரைவர்ங்கறேன்."

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறுகிற பாதையில் 20. அதைப் போல மூன்றரை மடங்கு. வண்டியில் அம்மா, தம்பி, அத்தை, அத்தையின் இரண்டு பெண்கள், அறப்பளீஸ்வரருக்குக் கொண்டுபோகிற பூசைக் கூடை. அப்பா என் பக்கத்தில். முதல் பத்து வளைவு இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டேன். பாதை இன்னும் நெருக்கமாகச் சுருளும் இடத்தில் ஒரு வளைவில் எஞ்சின் இறங்க ஆரம்பித்தது. முதல் கியர் வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே வேண்டும். பயத்தில் ஒரே மிதியில் போட்டேன். கியர் கத்தியது. பின்சீட்டில் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். வண்டி நின்றது, தம்பி குதித்து இறங்கி, கிளீனருக்குப் பிறந்த பிள்ளை இல்லையா, சக்கரத்துக்குக் கல் போட்டான்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். "கையால தேடாத அம்மிணி. அது உள்ள சுத்திட்டிருக்குது. நீ அதுகூடப் போயிச் சேரு" என்றார்.

அதற்கு மேல் மூன்றாவதோ நாலாவதோ வளைவு. எஞ்சின் இறங்குகிறது. மிதித்தேன். கம்பி நியூட்ரலுக்கு வந்தது. காலை விட்டேன். ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, எஞ்சின் எழும்பியது, எழும்பியது உச்சியிலிருந்து இறங்கத் தொடங்குமுன் மறுபடி மிதித்துக் கம்பியை நகர்த்தினேன். வாழைப்பழத்தில் ஊசி ஏறியது போல் போய் உட்கார்ந்தது. ஒரு சின்ன டொக் என்ற சத்தம்கூட இல்லை; விரலுக்கு மட்டும் தெரிந்தது. பின்சீட்டில் பேச்சு தொடர்ந்துகொண்டிருந்தது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதுதான் அதன் மகிமை என்று எனக்கு அன்று புரிந்தது. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. மிச்ச வளைவுகள் அத்தனையிலும் அதைச் செய்தேன். சில வளைவுகளில் தேவையே இல்லை; ஆசைக்குச் செய்தேன். இரண்டு மிதிக்கு நடுவே வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் மிதக்கிற அந்த அரை விநாடியில், எஞ்சினும் சக்கரமும் பிரிந்து என் காலடியில் காத்திருக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பது நான். எத்தனையோ வண்டி அதற்குப் பிறகு ஓட்டிவிட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

இறங்கும்போது அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: ஏறின கியரிலேயே இறங்கு. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிரேக் பிடிப்பு போய்விடும். சின்ன கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இது வெறும் மலைப்பாதைப் பாடம் இல்லை. பெங்களூரிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் இன்றும் கனரக வண்டிகள் கட்டுப்பாடிழந்து முன்னால் போகிறவர்கள்மீது ஏறுகின்றன. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தாலே கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கச் செலவாகிறது. மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. அந்த இறக்கத்தில் ஒவ்வொரு முறை விபத்துச் செய்தி படிக்கும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. எஞ்சினின் கைப்பிடி என்ன என்று யாராவது அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருந்தால் என்று தோன்றுகிறது.

டபுள் கிளட்ச்சுக்குச் சாவு எழுதியது ஒரு நல்ல கண்டுபிடிப்பு. பெட்டிக்குள் கூம்பு வடிவில் ஒரு பித்தளை வளையம். பல் சேருமுன் அது உரசி இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். பஸ்ஸோடு நாலு எட்டு ஓடுகிற வேலையை அந்த வளையம் எடுத்துக்கொண்டது. சிங்க்ரோமெஷ் என்கிற அந்த அமைப்பு அமெரிக்காவின் காடிலாக் காரில் 1928-லேயே வந்துவிட்டது. எங்கள் ஊர் லாரிக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. எண்பதுகளின் நடுவில் ஐச்சர் மிட்சுபிஷி, சுவராஜ் மஸ்தா போன்ற ஜப்பான் கூட்டு வண்டிகளும், 1986-ல் டாடா 407-ம் வந்தபோது கியர் போடுவது காரைப் போல் இளகிவிட்டது என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். பெரிய வண்டிகளும் ஒவ்வொன்றாக மாறின. பழைய டிரைவர்கள் புது வண்டியிலும் இரண்டு மிதி மிதித்தார்கள். தேவையில்லை என்று தெரிந்தும் கால் கேட்கவில்லை. அவர்கள் பக்கத்தில் இருந்த கிளீனர்கள் ஒரே மிதியில் பழகினார்கள். பிறகு கிளீனரே வேண்டாம் என்று ஆகி அந்த சீட்டும் காலியானது.

கார்களுக்கு 2014 ஒரு வினோதமான வருஷம். ஜனவரியில், 1983 டிசம்பர் முதல் நாட்டுக்கே வண்டி பழக்கிய மாருதி 800-ன் உற்பத்தி நின்றது. பிப்ரவரியில் டெல்லிக்குப் பக்கத்தில் நடந்த வாகனக் கண்காட்சியில், கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி பெட்டியோடு செலேரியோ வந்தது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் அப்படியொரு கார் அதுதான் முதல். மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலை அம்பாசிடரை நிறுத்தியது. ஐந்து மாதத்துக்குள் மூன்றும் நடந்தன. எங்கள் மார்க் 4 அதற்கும் முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. கியர் கம்பியின் முனையில் இருந்த கறுப்புக் குமிழை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அப்பாவின் உள்ளங்கையும் என் உள்ளங்கையும் தேய்த்துப் பளபளப்பாக்கிய குமிழ்.

ஏஎம்டியைப் பலர் கிளட்ச் இல்லாத வண்டி என்கிறார்கள். அது சரியில்லை. உள்ளே அதே பெட்டி, அதே கிளட்ச். நம் காலும் கையும் செய்ததை ஒரு மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ செய்கிறது, எப்போது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. இன்னொன்றைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வால்வோ கம்பெனி 2001-ல் கனரக லாரிகளுக்குக் கொண்டுவந்த ஐ-ஷிப்ட் என்ற பெட்டியின் முக்கியப் பகுதியில் பித்தளை வளையமே கிடையாது. கம்ப்யூட்டர் இரண்டு பக்கத்து வேகத்தையும் அளந்து, எஞ்சினை வேண்டிய அளவுக்கு எழுப்பி, பல்லைச் சேர்க்கிறது. அப்பா பாலத்து மேட்டில் செய்ததைத்தான் அது செய்கிறது. எந்த ராத்திரியிலும் பிசகாமல் செய்கிறது. வித்தை வீண்போகவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். "நல்லதுதான். களைப்பே வராது அதுக்கு" என்றார். அவருடைய இடது முட்டி இப்போது மடங்குவதில்லை.

அந்த முட்டியைப் பார்க்கிற எவரும் பழைய கிளட்ச் திரும்பி வரட்டும் என்று வேண்டிக்கொள்ள மாட்டார்கள். நானும் இல்லை. நான்கு வருஷமாக ஏஎம்டி கார்தான் வைத்திருக்கிறேன். சேலம் ஐந்து ரோட்டில் மாலை நேரத்தில் ஊர்ந்து போகும்போது அதன் அருமை தெரியும். ராசிபுரத்தில் என் சிநேகிதி, டீச்சர், ஐம்பது வயதில் வண்டி பழகினாள். கியர் வண்டியில் இரண்டு தடவை முயன்று, ரோட்டு நடுவில் ஆஃப் ஆகிப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்த அவமானத்தில் விட்டவள். கிளட்ச் பெடல் இல்லாத காரில் மூன்றே வாரத்தில் தனியாகப் பள்ளிக்குப் போய் வந்தாள். ரோடு அவளுக்குத் திறந்தது. அதை ஒரு நஷ்டமாக எண்ண எனக்கு மனசு வராது.

என் துக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மனிதரின் கையெழுத்து போல ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு சத்தம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இது இன்னார் என்று சொல்ல முடிந்தது. அந்தச் சத்தத்தை ஒரு வீடு காத்திருந்து கேட்டது. பெட்டி தானாகவே வேலை செய்யத் தொடங்கியபின் எல்லா வண்டியும் ஒரே ஆள் ஓட்டுவது போல் போகிறது.

தம்பி லாரிக்குத்தான் போனான். இப்போது அவனுடையதும் ஏஎம்டி. ரோடு நாலு வழிச் சாலையாகி, பள்ளத்தின்மேல் உயரப் பாலம் போட்டு மேட்டை மட்டப்படுத்திவிட்டார்கள். வண்டி வருவது அம்மாவுக்குத் தெரிவதில்லை. "வாசல்ல வந்து நின்னதுக்கப்பறம்தான் தெரியுது. என்னத்த ஆக்கி வைக்கறது, எப்ப வைக்கறது" என்பாள். கீரம்பூர் டோல்கேட் தாண்டியதும் அவன் போன் அடிக்கிறான். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

பழைய பாலம் மட்டும் சர்வீஸ் ரோட்டில் அப்படியே இருக்கிறது. போன தை மாதம் நான் ஊரில் தங்கியிருந்தேன். நடுச்சாமம். தண்ணீர் லாரி ஒன்று, நல்ல பழைய வண்டி, நிறை பாரத்தோடு பள்ளத்தில் இறங்கிற்று. ஓட்டியவர் பழைய ஆளாக இருக்க வேண்டும். மேட்டில் இரைச்சல் விழுந்தது, ஒரு செருமல், மறுபடி எழும்பி ஏறியது. கட்டிலில் இருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். அங்கேயே சற்று நேரம் நின்றாள்.

பக்கத்துக் கட்டிலில் அப்பா விழித்துத்தான் இருந்தார். "கொஞ்சம் பொறுத்திருக்கோணும் அவன்" என்றார் இருட்டுக்குள். "ரேஸ் பத்தல."